என்ஜிவி தோம்பு கழற்றிய பட்டறை: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் பட்டறைக்கார அண்ணன் கோபித்துக்கொள்வார். இருக்கிற வேலையே போதும், போனைப் பார்த்து வருகிறவன் எல்லாம் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் விலையைக் கேட்கிறான் என்பது அவர் கட்சி. ஊர்க்காரர்களுக்கு அடையாளம் சொன்னால் போதும். மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தை (பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறி வருடக்கணக்காகிறது, எங்கள் வாயில்தான் இன்னும் மாறவில்லை), பசார் மாலாம் (இரவுச் சந்தை) போடும் திடலுக்குப் பின்னால், தகரக் கூரை, வாசலில் பழைய சாகா காரின் பின் சீட்டைக் கழற்றிப் போட்ட பெஞ்சு, அந்த பெஞ்சில் எந்நேரமும் ஒரு கறுப்பு நாய். நாய் இடம் கொடுத்தால்தான் நீங்கள் உட்கார முடியும். தென்னமரம் தோட்டத்துப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு வழியே கேட்க வேண்டாம், செம்பனை ஏற்றும் லோரி எது படுத்தாலும் அங்கேதான் இழுத்து வருவார்கள்.

என் வாஜா காரிலிருந்து என்ஜிவி (இயற்கை எரிவாயு) தோம்பை, அதாவது சிலிண்டரைக் கழற்றி, கெரானில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) பெட்ரோல் என்று மட்டும் வரும்படி செய்து கொடுத்தது இந்தப் பட்டறை. நடந்தது 2023-இல். இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், 2025 ஜூலை 1-லிருந்து என்ஜிவி வண்டிகளைப் பதியக் கூடாது, ரோட் டெக்ஸ் கிடையாது, சாலையில் ஓட்டவும் கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. 2024 நவம்பரில் போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக் இதை அறிவித்தபோது நாட்டில் 44,383 என்ஜிவி வண்டிகள் இருப்பதாகச் சொன்னார், மொத்த வண்டிகளில் வெறும் 0.2 விழுக்காடு. அந்த 0.2-இல் மூன்று வண்டிகள் எங்கள் பக்கத்து லயத்திலேயே (தோட்டத்து வரிசை வீடுகள்) தார்ப்பாய் போட்டு மூடிக் கிடக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள், நீ எப்படிக் கழற்றினாய், எவ்வளவு ஆயிற்று, கழற்றாமல் சும்மா விட்டால் என்ன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் அனுப்பி அலுத்துவிட்டது.

கதையை 2008-இலிருந்து ஆரம்பித்தால்தான் விளங்கும். அந்த வருடம் ஜூன் மாதம் ஒரே ராத்திரியில் பெட்ரோல் லிட்டருக்கு 1.92-இலிருந்து 2.70 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஏறியது. நான் அப்போது ஷா ஆலாமில் ஷிப்ட் வேலை. போக வர நூறு கிலோமீட்டர் பக்கம், பத்து லிட்டர் எண்ணெய், ஒரு நாளைக்கு 27 வெள்ளி புகையாகப் போகும். என்ஜிவி அப்போது லிட்டர் 70 காசுக்கும் கீழே. தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால் நாளைக்கு 20 வெள்ளி மிச்சம். யாருக்குத்தான் ஆசை வராது? 3,800 வெள்ளி புரட்டி ஆகஸ்டில் வண்டியை மாற்றினேன், டிசம்பரில் பெட்ரோல் 1.80-க்கு இறங்கியது. வீட்டில் இதைச் சொல்லிக் காட்டாத தீபாவளி இல்லை.

அன்றைக்கு மாற்றியது வேறு பட்டணத்தில் ஒரு கடையில். வரிசையில் இருபது கார்கள் நின்றன, ஆளைப் பார்த்துப் பேசக்கூட நேரமில்லை. ஆனாலும் சட்டப்படி செய்ய வேண்டியது எல்லாம் தாளில் செய்தார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். என்ஜிவி மாற்றுவது சவுண்ட் சிஸ்டம் மாட்டுவது போன்ற விவகாரம் இல்லை. அப்போது ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) ஒப்புதல் வேண்டியிருந்தது, புஸ்பாகோம் (வண்டிப் பரிசோதனை நிறுவனம்) பார்க்க வேண்டியிருந்தது, கெரானில் எரிபொருள் மாற வேண்டியிருந்தது, பொருத்துகிற முறைக்கே எம்எஸ் 1096 என்று ஒரு மலேசியத் தரநிலை உண்டு. பட்டறை ஒரு சான்றிதழ் கொடுக்கும், அதில் தோம்பின் வரிசை எண் இருக்கும். ரோட் டெக்சில் 25 விழுக்காடு கழிவும் கிடைத்தது. 1.6 லிட்டர் வண்டிக்கு வருடம் 90 வெள்ளி, அதில் 22.50 மிச்சம், அந்தக் காசில் நாலு பேர் உட்கார்ந்து ரொட்டி சானாய் சாப்பிடலாம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சான்றிதழை பிளாஸ்டிக் உறையில் போட்டு கெரானோடு வைத்தேன். பதினைந்து வருடம் அதை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, நானும் சேர்த்துத்தான்.

ஓட்டிய அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது வண்டி விமர்சனம் இல்லை. காரின் பூட்டில் (பின்பக்கச் சாமான் அறை) பாதியைத் தோம்பு தின்றுவிடும், பொங்கலுக்குக் கரும்பு வாங்கினால் ஜன்னல் வழியாக நீட்டித்தான் கொண்டு வர வேண்டும். 55 லிட்டர் தோம்பு என்று பெயர், நிரப்பினால் 150 கிலோமீட்டர் போனால் அதிகம். எங்கள் ஊரில் என்ஜிவி நிலையம் கிடையாது, வேலைக்குப் போகிற வழியில் போட்டால்தான் உண்டு, டாக்சிக்காரர்கள் நாற்பது நிமிடம் முன்னாலேயே வரிசை பிடித்திருப்பார்கள். மேடு ஏறினால் வண்டி மூச்சு வாங்கும். ஒரு முறை ஈஜோக் தாண்டி படார் என்று ஒரு வெடி, டயர் போய்விட்டது என்று இறங்கிப் பார்த்தால் ஏர் பில்டர் பெட்டி பிளந்து கிடந்தது. காற்றோடு கேசைக் கலக்கும் மிக்சர் வைத்த பழைய செட்டுகளில் இது சகஜம், என்ஜினிலிருந்து தீ பின்னோக்கி வந்து காற்றுக் குழாயில் இருக்கிற கேசைப் பற்ற வைத்துவிடும். இருந்தும் ஏழெட்டு வருடம் ஓட்டினேன், காசு மிச்சமானதும் உண்மை.

அப்புறம் வேலை மாறியது. ஊருக்குப் பக்கத்திலேயே வேலை, கேஸ் போட எங்கேயும் போகவில்லை, சுவிட்சைப் பெட்ரோலில் போட்டதோடு சரி. அதற்குள் கேஸ் விலையும் லிட்டர் ஒரு வெள்ளியைத் தாண்டியிருந்தது. தோம்பு பூட்டில் ஒரு மூலையில், மேலே பழைய கம்பளம், அதற்கு மேலே குடை, பூப்பந்து மட்டை, கோயில் திருவிழாவில் மிஞ்சிய சாமான்கள். மறந்தே போனேன் என்று சொன்னால் நம்புவீர்களா, நம்புங்கள்.

2023-இல் மகளுக்கு லைசென்ஸ் கிடைத்தது, வாஜாவை அவள் காலேஜுக்கு எடுத்துப் போகட்டும் என்று முடிவானது. பின்பக்கம் கட்டையாக இருக்கிறதே என்று பட்டறைக்குக் கொண்டு போனேன். போனவன் சும்மா இல்லாமல், "அண்ணே, அந்த கேஸ் வால்வை மட்டும் இறுக்கி மூடிட்டு, முன்னால இருக்கிற பைப்பைக் கழற்றி விட்டுடுங்க, தோம்பு கிடக்கட்டும், கழற்றினா கெரான் வேலை வேற வரும்" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. பூட்டில் இருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு தோம்பின் தோள்பட்டையை ஒரு துணியால் துடைத்தார். வால்வு மாட்டியிருக்கும் கழுத்துப் பக்கத்துக்கு அவர் தோள்பட்டை என்றுதான் சொல்வார், தோம்பின் ஜாதகம் முழுவதும் அங்கேதான் குத்தியிருக்கும்: எண், செய்த வருடம், கொள்ளளவு, வேலை அழுத்தம் 200 பார். துடைத்து முடித்துவிட்டு, "சான்றிதழ் இருக்கா?" என்றார். இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார்.

"இது உன் தோம்பு இல்ல தம்பி."

சான்றிதழில் இருந்த எண் வேறு, இரும்பில் குத்தியிருந்த எண் வேறு. இரும்பில் இருந்த வருடம் 2001. நான் 2008-இல் புதுசு என்று காசு கொடுத்து வாங்கிய தோம்பு, 2001-இல் செய்தது. யோசித்துப் பார்த்தால் இரண்டு வழிதான். மாட்டியபோதே பழையதை மாட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் 2013-இல் தண்ணீர் அழுத்தச் சோதனைக்கு என்று ஒரு கடையில் மூன்று நாள் வண்டியை விட்டேனே, அங்கே மாறியிருக்க வேண்டும். தோம்பில் ஒட்டியிருந்த பட்டையில் 2013-இல் சோதித்தது, அடுத்தது 2018 என்று இருந்தது. 2018-இல் நான் எங்கே போனேன்? எங்கேயும் போகவில்லை. எந்தக் கடை என்று இங்கே எழுதமாட்டேன், எந்த வழி என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை, குத்துமதிப்பாக ஒருவர் பெயரைக் கெடுப்பதில் அர்த்தமில்லை.

அண்ணன் அதோடு விடவில்லை. தோம்பைத் தாங்கும் இரும்புப் பட்டையை லேசாகத் தளர்த்தி, அடியில் இருந்த ரப்பரை ஒரு ஸ்குருடிரைவரால் நெம்பினார். ரப்பருக்கும் தோம்புக்கும் நடுவே தண்ணீர் தங்கித் தங்கி, பட்டை போன இடம் முழுக்க வட்டமாகத் துரு, நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாக வந்தது. வெளியே தெரிகிற இடமெல்லாம் வெள்ளைப் பெயின்ட், பார்க்கப் புது மாதிரி. "உன் டயர்ல முப்பது பிஎஸ்ஐ. இது முழுசா நிரம்பினா மூவாயிரம். இதைப் பின்னால வச்சுக்கிட்டுதான் பிள்ளை ஓட்டப் போவுது" என்றார். வால்வை மூடித் தர முடியாது, கழற்றினால் முழுக்கக் கழற்றுவேன், கெரானோடு சேர்த்துத்தான், இல்லாவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு போ, காசு வேண்டாம், இதுதான் அவர் சொன்னது. உள்ளே கேஸ் இல்லையே என்று கேட்டுப் பார்த்தேன். மீட்டர் முள் சுழியத்தில் இருக்கிறது என்பதற்காக உள்ளே ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லையாம், மீட்டர் வாங்கியது எந்த வருடம் என்று திருப்பிக் கேட்டார்.

நட்சத்திரம் கொடுக்கிற இடம் இதுதான். பணம் வருகிற வேலையை ஒருவர் மாட்டேன் என்று சொன்னார். எளிதாக ஐம்பது வெள்ளி வாங்கிக்கொண்டு வால்வை மூடியிருக்கலாம், நானும் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அண்ணனோடு பெஞ்சில் உட்கார்ந்து பேசியதில் உறைத்தது. டாக்சி என்றால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் போகிறது, தோம்பு அவர்கள் கண்ணில் பட்டாக வேண்டும். என் வாஜா சொந்தக் கார். நம் நாட்டில் சொந்தக் காருக்கு அந்த மாதிரி தவணைப் பரிசோதனை கிடையாது. மாற்றியபோது ஒரு தடவை பார்த்தார்கள், அதற்குப் பிறகு வண்டியை விற்றாலோ வேறு ஏதாவது மாற்றினாலோதான் மறுபடி பார்ப்பார்கள். நான் விற்கவில்லை. ஆக ஒரே தோம்பு, ஒரே அழுத்தம், டாக்சியில் இருந்தால் வருடத்துக்கு இரண்டு தடவை கண்ணில் படும், என் பூட்டில் இருந்தால் பூப்பந்து மட்டைக்குக் கீழே வருடக்கணக்கில் நிம்மதியாகத் தூங்கும். ரோட் டெக்ஸ் மட்டும் வருடம் தவறாமல் புதுப்பித்தேன், இன்சூரன்சும் எடுத்தேன், தோம்பின் சோதனைத் தாள் எங்கே என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் 2018-லேயே போயிருப்பேன். என் சோம்பேறித்தனத்துக்கு அரசாங்கத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் என்னைப் போன்ற சோம்பேறிகளுக்காகத்தானே சட்டம்? திருச்சியில் இருக்கிற சம்பந்தி வீட்டில் ஒரு சிஎன்ஜி கார் வைத்திருக்கிறார்கள், அங்கே மூன்று வருடத்துக்கு ஒரு முறை சிலிண்டரைச் சோதிக்க வேண்டும் என்பது விதி.

அதனால்தான் 2024-இல் அமைச்சர் சொன்ன காரணம் எனக்குப் புதிதாக இல்லை. என்ஜிவி திட்டம் 1995-இல் ஆரம்பித்தது, தோம்பைப் பத்திரமாகப் பயன்படுத்தக்கூடிய காலம் ஏறக்குறைய 15 வருடம், அதைத் தாண்டியவை மாற்றப்படாமல் ஓடுகின்றன, வெடித்தால் உயிர் போகும் என்றார். பேஸ்புக்கில் பலர் திட்டினார்கள், பெட்ரோல் விற்கத்தான் இந்த வேலை என்று. நான் வாயைத் திறக்கவில்லை. அந்தத் துருவை நகத்தால் சுரண்டியவன் நான்.

சரி, கழற்றிய நாள். ஒரு புதன்கிழமை காலை எட்டரைக்கு வரச் சொன்னார், ஒன்பதரைக்குத்தான் வேலையில் கை வைத்தார். முதலில் வண்டியைக் கூரைக்கு வெளியே, திறந்த வெளியில் நிறுத்தினார். பையனை அனுப்பிப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடைக்காரரிடம் அரை மணி நேரம் அடுப்பைத் தள்ளி வைக்கச் சொன்னார், அவரும் முணுமுணுத்துக்கொண்டே தள்ளி வைத்தார். இந்த கேஸ் காற்றைவிட லேசானது, மேலே போய்விடும், கூரைக்குக் கீழே விட்டால் தகரத்துக்கு அடியில் தங்கிவிடும் என்பது காரணம். சுழியம் காட்டிய தோம்பிலிருந்து வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தபோது உஸ் என்று ஒரு சத்தம் ஏழெட்டு நிமிடம் நிற்கவே இல்லை. குழாய் முனையில் வெள்ளையாகப் பனி படிந்தது, கொளுத்துகிற வெயிலில். நான் பேசாமல் நாய் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகம். பட்டையைக் கழற்றி இரண்டு பேர் சேர்ந்து தோம்பைத் தூக்கினார்கள், அறுபது கிலோவுக்குக் குறையாது, வண்டியின் பின்பக்கம் மெதுவாக மேலே எழும்பியதைக் கண்ணால் பார்த்தேன். வண்டிக்கு அடியில் ஓடிய இரும்புக் குழாயை உருவினார்கள். முன்னால் ரெகுலேட்டர், அதற்குள் ரேடியேட்டரின் சூடு தண்ணீர் ஓடும், இல்லாவிட்டால் அழுத்தம் இறங்கும்போது கேஸ் குளிர்ந்து ரெகுலேட்டரே உறைந்துவிடும், அந்தத் தண்ணீர்க் குழாய்களை வெட்டி ஒட்டாமல் புதுக் குழாய் போட்டு இணைத்தார். காற்றுக் குழாயில் இருந்த மிக்சரை எடுத்தார். இன்ஜெக்டருக்குப் போகும் ஒயர்களை 2008-இல் நடுவில் வெட்டி ஒரு கறுப்புப் பெட்டியை மாட்டியிருந்தார்கள், அதை எடுத்துவிட்டு ஒவ்வொரு ஒயரையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து ட்யூப் போட்டு மூடினார். டேப் சுற்றி விட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. பூட் தரையில் கேஸ் வெளியேற வைத்திருந்த இரண்டு ஓட்டைகளையும், பட்டைக்குப் போட்ட நாலு ஓட்டைகளையும் தகரம் வைத்து வெல்டிங் அடித்து, மேலே சீலர் பூசினார். அடுத்த வாரம் கொட்டிய மழையில் போய் நின்று பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை.

தோம்பை என்ன செய்வது? பழைய இரும்பு வாங்குகிற சீனத் தவுக்கே ஒருவர் மோப்பம் பிடித்து மத்தியானமே வந்துவிட்டார், முழுசாக இருந்தால் நல்ல விலை என்றார். ஏன் முழுசாக வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். பெயின்ட் அடித்து இன்னொருவன் பூட்டுக்குப் போகும், எனக்கு வந்தது போல. அண்ணன் வால்வைக் கழற்றிவிட்டு, தோம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி, டிரில் வைத்து வயிற்றில் மூன்று இடத்தில் ஓட்டை போட்டார். சுவரின் தடிமனில் டிரில் பிட் ஒன்று முறிந்தது, அதை என் பில்லில் சேர்க்கவில்லை. ஓட்டை போட்ட பிறகு தவுக்கே கொடுத்த விலையில் பாதியை எனக்கே கொடுத்தார்.

இனி தாள் வேலை, அலுப்பான பகுதி, ஆனால் முக்கால்வாசி பேர் கோட்டை விடுவது இங்கேதான். தோம்பைக் கழற்றியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். கெரானில் இரண்டு எரிபொருள் இருக்கும் வரை ஜேபிஜே கணக்கில் அது என்ஜிவி வண்டிதான். பட்டறையின் கடிதம், புஸ்பாகோம் பரிசோதனை, அதற்குப் பிறகு ஜேபிஜே. எனக்கு வந்த சிக்கல், எண் பொருந்தாதது. அண்ணன் சான்றிதழில் இருந்த எண்ணையே கடிதத்தில் எழுதியிருந்தால் எல்லாம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும், நானும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். மனிதர் அசையவில்லை, நான் கழற்றியது எதுவோ அதைத்தான் எழுதுவேன் என்று இரும்பில் இருந்த எண்ணை எழுதி, ஓட்டை போட்ட தோம்பின் படத்தையும் பின்னால் பிணைத்தார். அதனால் எனக்குக் கூடுதலாக ஒரு நடை, இரண்டு வாரத் தாமதம். கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்கா படத்தைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார், அந்தப் பார்வைக்கு அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

குறைகள். நேரம் என்றால் அவருக்கு ஒரு தோராயம், எட்டரை என்றால் ஒன்பதரை, ஒரு நாள் என்றால் இரண்டு நாள், எனக்கு மொத்தம் மூன்று நாள் லீவு போனது. வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு விழும், பதில் வராது, போன் அடித்தால்தான் உண்டு. பின் ஸ்பிரிங் பற்றி முன்கூட்டியே சொல்லவில்லை: தோம்பு எடைக்காக 2008-இல் கெட்டி ஸ்பிரிங் போட்டிருந்தார்கள், தோம்பு போனதும் பின்பக்கம் வெட்டுக்கிளி மாதிரி தூக்கிக்கொண்டு நின்றது, பள்ளத்தில் ஏறினால் தலை கூரையில் இடித்தது. பழைய ஸ்பிரிங் ஜோடி தேடி மாட்ட இன்னும் 140 வெள்ளி. கழற்றிய ஒரு வாரத்தில் சிக்னலில் நின்றால் என்ஜின் ஏறி இறங்கி உறுமியது. அதைக் காசு வாங்காமல் சரிசெய்தார், ஆனால் இரண்டு தடவை கொண்டு போக வேண்டியிருந்தது. டேஷ்போர்டில் இருந்த கேஸ் சுவிட்சைக் கழற்ற மறந்தே போனார். ஸ்பிரிங் சேர்க்காமல் மொத்த பில் 480 வெள்ளி, புஸ்பாகோம் கட்டணம் தனி. விலை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை, ஆனால் ஸ்பிரிங்கை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு நட்சத்திரம் அதற்காகத்தான் போகிறது.

இதில் என் தலையெழுத்தையும் பாருங்கள். நான் காசு கொடுத்துக் கழற்றி ஒன்றரை வருடம் கழித்து அரசாங்கம் அறிவிக்கிறது, பெட்ரோலுக்கு மாறுகிறவர்களுக்குத் தோம்பைக் கழற்றுவது இலவசம், பெட்ரோனாஸ் ரொக்க உதவியும் தரும் என்று. 2008-இல் விலை ஏறியபோது அவசரப்பட்டேன், 2023-இல் யாரும் கேட்காமலே அவசரப்பட்டேன். அண்ணனிடம் போய்ச் சொன்னேன், சிரித்தார், "அந்த ஒன்றரை வருஷம் பிள்ளை எதுல போயிருக்கும்?" என்றார். அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்றை எழுதாமல் விட்டால் தப்பு. நான் பட்டறையில் இருந்த அன்றே ஒருவர் வந்தார், என்ஜிவி செட்டில் சமையல் கேஸ் தோம்பை மாட்டித் தர முடியுமா, வீட்டுக்கு மானியத்தில் வருகிற கேஸ்தானே மலிவு என்று. அண்ணன் கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பொறுமையாகத்தான் சொன்னார். சமையல் கேஸ் தோம்பு மெல்லிய தகரம், அதன் அழுத்தம் இதன் பக்கத்தில்கூட வராது. அந்த கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் மேலே போகாமல் பூட்டிலும் சீட்டுக்கு அடியிலும் தண்ணீர் மாதிரி தேங்கி நிற்கும், சிகரெட் வேண்டாம், பிரேக் லைட் சுவிட்ச் ஒன்று போதும். அதற்கு மேலும் அந்த ஆள் நகராததால் தான் குரல் உயர்ந்தது. இப்போது என்ஜிவி நின்றுவிட்டதால் இந்த யோசனை இன்னும் சில மண்டைகளில் ஓடும், அதனால்தான் எழுதுகிறேன். பெட்ரோலும் 2025 கடைசியில் மைகாட் (அடையாள அட்டை) காட்டினால் 1.99 வெள்ளிக்கு வந்தது, மாதம் 300 லிட்டர் வரை. சமையல் கேஸைச் சமையலுக்கு விடுங்கள்.

தார்ப்பாய் மூடிய மூன்று வண்டிக்காரர்களுக்கு: இழுத்துக்கொண்டு போக வேண்டாம், முதலில் போய்ச் சான்றிதழையும் கெரானையும் காட்டுங்கள், கூடவே தோம்பின் தோள்பட்டையைத் துடைத்து ஒரு படம் எடுத்துப் போங்கள், எண்ணும் வருடமும் தெரியும்படி. ஓட்டிக்கொண்டும் போகாதீர்கள், அவரே வந்து பார்ப்பார், ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தால் போதும். ஞாயிறு மூடியிருக்கும். தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் ஆளைப் பிடிக்க முடியாது, காவடி எடுக்கிறவர். வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், அவர் இருப்பார், ஆனால் அரசாங்கக் கவுண்டர்கள் தொழுகை நேரத்துக்காக நீண்ட இடைவேளை விட்டிருக்கும். பெஞ்சில் நாய் இருந்தால் இடது பக்கமாக உட்காருங்கள், வலது பக்கம் ஸ்பிரிங் குத்தும்.

அந்த டேஷ்போர்டு சுவிட்ச் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, ஒயர் இல்லாமல். மகளுடைய தோழிகள் ஏறினால் முதலில் அதைத்தான் அமுக்கிப் பார்க்கிறார்களாம்.